ரேடியோ தயார், லைசென்ஸ் இல்லை

அறுபதுகளில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். செஞ்சி அஞ்சலகத்தில் அந்தக் கவுன்டர் என்னுடையது. ஒரு நாள் தாமதித்து வந்தாலும் விதியின் எண்ணைச் சொல்லி அபராதம் வாங்கிவிடுவேன். ஊரில் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசியவர்கள் எல்லாரும் ரேடியோ இல்லாதவர்கள்.

ஒரு முறை எங்கள் ரேடியோ ஊமையாகிவிட்டது. கடைத்தெரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். லைசென்ஸ் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். ஆள் கெட்டிக்காரர். ரேடியோக்களைச் சோதிக்க வைத்திருந்த ஆஸிலேட்டர் என்ற கருவியில் ஒரு மைக்கை இணைத்து, தன் குரல் இரண்டு தெருவின் ரேடியோக்களில் கேட்கும்படி செய்திருந்தார். யாருடைய ரேடியோ சரியாகிவிட்டது என்று மாலைதோறும் அதில் அறிவிப்பார். கேட்க வேண்டியவரின் ரேடியோ தன் மேசைமேல்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் ஏற்பாடு நன்றாகவே நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டு வந்து சொல்லிவிடுவார்கள்.

என்னிடம் சொன்னவர் எதிர்வீட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி, மேல்சித்தாமூர்க்காரர். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"சார், உங்க பொட்டி ரெடியாம். லைசென்ஸ் முடிஞ்சு மூணு மாசமாச்சாம். புதுப்பிச்சிட்டு வந்து எடுத்துக்கணுமாம்."

இரண்டு தெருவும் கேட்டிருந்தது. மறுநாள் சக ஊழியரை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கவுன்டருக்கு வெளியே நின்று அபராதத்தோடு கட்டினேன். வரிசையில் யாரும் வழிவிடவில்லை. விதிப்படி அது சரிதான்.

கடைக்குப் போனேன். லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்பினால் கருவியோடு கடையும் போய்விடும் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அந்தக் கடையை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"லைசென்ஸ் வேணாத அலைவரிசை எதனா ஒண்ணு இருக்குமே சார்? நீங்க பாத்து சொல்லுங்க."

ஒரு வாரம் விதிப்புத்தகங்களைப் புரட்டினேன். அரசாங்கம் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. வாய்க்கு மட்டும்தான் லைசென்ஸ் தேவையில்லை என்று போய்ச் சொன்னேன். அன்றே மைக்கைக் கழற்றிவிட்டார்.

அதற்குள் யாரோ மேலே எழுதிப்போட்டிருந்தார்கள். செஞ்சியில் ரேடியோக்களில் அனுமதியற்ற குரல் கேட்பதாகப் புகார் வந்திருக்கிறது, விசாரித்துத் தெரிவிக்கவும் என்று எனக்குக் கடிதம் வந்தது. அதை மெக்கானிக்கிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இன்னா சார் எழுதப் போறீங்க?"

பொய் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. 'மேற்படி நாட்களில் எனது ரேடியோ பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டிருந்தபடியால் அத்தகைய குரல் எதையும் நான் கேட்கவில்லை. ரேடியோ இப்போது நல்ல நிலையில் உள்ளது. இப்போதும் கேட்கவில்லை' என்று பதில் அனுப்பினேன். கோப்பை மூடிவிட்டார்கள். கடை தப்பியது.

அதன்பிறகு அவர் மாலைதோறும் கடைவாசலில் நின்று கூவித்தான் அறிவித்தார். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்களுக்குக்கூட அது கேட்டது. என் லைசென்ஸ் முடிகிற மாதத்தையும் ஆண்டு தவறாமல் சேர்த்துக்கொண்டார்.