கொடியில் விட்ட இடம்

சண்டை தொடங்கிய முதல் வாரத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. பால்காரர் சீக்கிரம் வந்தால் ஏன் சீக்கிரம் என்பார்கள்; தாமதமாக வந்தால் எங்கே போயிருந்தான் என்பார்கள். அந்த வாரத்தில்தான் என் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி, ஒற்றர் ஆனார்.

சலவைக்கடை வைத்திருந்தவர் அவர். பட்டாளத்துத் துணி அவரிடம்தான் வரும். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் வெறுந்தரையில் படுக்க வைத்திருந்தார்கள். பாதிப் பேருக்குத் துப்பாக்கி இல்லை. கம்பளி இரண்டு பேருக்கு ஒன்று. அதிலும் பேன் விழுந்து, தினம் ஒரு கட்டாகச் சித்தப்பாவிடம் வந்தது.

கம்பளியின் மூலையில் எண் தைத்திருக்கும். மொட்டை மாடிக் கொடியில் எண் வரிசைப்படிதான் போடுவார். ஒன்று காணாமல் போனால் அந்த இடத்தைக் காலியாகவே விடுவார். பல் விழுந்த இடம் போல் கண்ணை உறுத்தினால்தான் தேடத் தோன்றும் என்பது அவர் கணக்கு. அந்த வாரம் மாடியிலிருந்தே நான்கு கம்பளி போய்விட்டது. ஒரு நாள் கொடியின் நடுவில் ஓட்டை, மறுநாள் ஓரத்தில் ஓட்டை.

எதிர்வீட்டு மாடியில் சித்தியின் அண்ணன் குடியிருந்தார். ஆபீஸ் உத்தியோகம். தங்கையைப் பார்க்க வீட்டுக்கு வந்து போவார், மைத்துனரின் கடைப் படியை மட்டும் மிதித்ததே இல்லை. தெருக்காவல் என்று அவர் கையில் ஒரு விசிலைக் கொடுத்திருந்தார்கள். ஊதி ஊதி அவருக்குப் பெயரே 'விசில்' ஆகிவிட்டது. அவர் ஜன்னலிலிருந்து இந்த ஓட்டைகளைப் பார்த்து, மேலே பறக்கிற விமானத்துக்குச் சைகை என்று முடிவு கட்டி, சொந்த மச்சான் என்றும் பாராமல் பட்டாளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

நண்பகலில் லாரி வந்தது. அதிகாரி ஒருவர், சிப்பாய்கள் இரண்டு பேர். பின்னாலேயே விசிலும் வந்து நின்றார். சித்தப்பா தன் வழக்கத்தை விளக்கினார். அதிகாரி நம்பவில்லை.

"காணாம போச்சுன்னா அந்த நாலும் எங்க?"

சித்தப்பா நிமிர்ந்து எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று தெருவெல்லாம் கிழிசல் புடவையையும் சாக்கையும் மாட்டியிருக்க, அங்கே மட்டும் கனத்த சாம்பல் நிறத் துணி. அவருக்கு முந்தாநாளே தெரியும். பெண் கொடுத்த வீடு, எப்படிக் காட்டிக் கொடுப்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அப்போதும் திறக்கவில்லை.

"லாரியில ஏறுய்யா" என்றார் அதிகாரி.

ஒரு கால் ஏறியும் விட்டது. வாசலில் நின்ற சித்திதான் பேசினாள், சத்தம் போடாமல்.

"அண்ணா, ஜன்னல்ல மாட்டியிருக்கிறத இறக்கு."

"அது நான் கடையில வாங்கினதும்மா."

"அப்ப மூலையைப் பார்க்கட்டும்."

சிப்பாய் ஏறிப் போய்ப் பார்த்தான். பதினேழு என்று தைத்திருந்தது. மற்ற மூன்றும் உள்ளறையில் இருந்தன. எடுத்த இடத்தைக் காலியாகவே விடுவார்கள் என்று தெரியாமல், தான் போட்ட ஓட்டையையே விசில் சைகை என்று எழுதியிருந்தார்.

அன்று மாலையே பள்ளிக்கூடத்தில் இருந்த சிப்பாய்களை எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். கொடியில் கிடந்த கம்பளிகள் ஈரத்தோடே லாரி ஏறின. அதிகாரி விசிலைப் பிடுங்கிக்கொண்டு போனார். பெயர் மட்டும் போகவில்லை.

சித்தப்பாவுக்கும் விடிவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று தெரு பேசியது. சண்டை முடிந்த பிறகும் அவர் மாடியில் துணி போட்டால் எங்காவது ஒரு ஜன்னல் மெல்லத் திறக்கும். அதற்காக அவர் காலி இடத்தை நிரப்பியதில்லை. சித்தி மட்டும், அண்ணன் வந்து போன அன்றெல்லாம் மாடிக்குப் போய்த் துணியை எண்ணிவிட்டு வருவாள்.