பாயிண்ட்டைக் கழற்றிய சனிக்கிழமை

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அடையாறு பாலத்தின் நடுவில் குனிந்து நின்று ஒரு திருகைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கடலைப்பருப்பு அளவுத் திருகு. எனக்குப் பின்னால் ஒரு மாநகரப் பேருந்து. அதற்குப் பின்னால் பாதி மயிலாப்பூர். எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தொன்பது வயதில் இது எனக்குத் தேவையா?

எங்கள் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான மறு வருஷம் என் கணவர் ராமமூர்த்தி வாங்கியது. வாங்கும்போதே பழசு. வெளிர் நீலம், ஏசி கிடையாது. இப்போது அதை 'கிளாசிக்' என்கிறார்கள். சிக்னலில் நின்றால் செல்போனில் படம் எடுக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிவிடச் சொன்னால் மட்டும் பச்சை விளக்கு விழுந்துவிடுகிறது.

இந்த மாதிரிக் கார்களில் 'பாயிண்ட்' என்று ஒன்று உண்டு. திறந்து மூடும் இரண்டு சின்ன உலோக முனைகள். அவை சரியாகத் திறந்தால்தான் எஞ்சினுக்குப் பொறி போகும். ஓட ஓடக் கருகும். உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்து, திருகை முடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இவர் அதைச் செய்வார். நான் டார்ச் பிடிப்பேன். முப்பத்திரண்டு வருஷமாக இதுதான் எங்கள் ஞாயிறு.

இரண்டு வருஷமாக இவருக்கு வலது கை நடுங்குகிறது. நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார். திருவான்மியூரில் கைப்பயிற்சிக்குப் போகச் சொன்னார். வண்டி ஓட்ட வேண்டாம் என்றார்.

"டாக்டர் ஸ்கூட்டரைச் சொன்னார்" என்பது இவருடைய வியாக்கியானம்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொண்டது. தவறாமல் புதுப்பித்து வருகிறேன். ஆனால் இந்தக் காரின் சாவி என் கைக்கு வந்ததே இல்லை. எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நடு ரோட்ல நின்னுடுத்துன்னா என்ன பண்ணுவே?"

நியாயமான கேள்வி. எனக்கு விடை தெரியாது. சிந்தாதிரிப்பேட்டை மெக்கானிக் ஏழுமலைக்குத் தெரியும். நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "பாயிண்ட்ட தூக்கிப் போட்டுட்டு எலெக்ட்ரானிக் வெச்சிரலாம் சார். நிக்காம ஓடும்." நானும் கூடச் சேர்ந்து கேட்பேன். இவர் அசைய மாட்டார். "ஒரிஜினலா இருக்கட்டும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். இவர் ஓட்டினார். பாலம் ஏறும்போது வண்டி இரண்டு தடவை இருமி நின்றது. இறங்கினார், பானெட்டைத் திறந்தார், ஸ்குரூடிரைவரை எடுத்தார். அதன் முனை திருகில் உட்காரவில்லை. மறுபடி வைத்தார். நழுவியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

"நான் பண்ணட்டுமா?" என்றேன். ஸ்குரூடிரைவரை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

மூன்றாவது தடவை திருகு கழன்று, எதன்மீதோ பட்டு, கீழே போயிற்று. அப்புறம்தான் நான் குனிந்தது.

ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "இன்னாம்மா தேடிக்கினு கீறீங்க?"

"திருகு..."

"இந்த டிராஃபிக்லயா? வுடுங்கம்மா, அது எப்பவோ போயிருக்கும். மொதல்ல வண்டிய ஓரங்கட்டலாம். மாமா, நீங்க உள்ள குந்தி ஸ்டேரிங்க புடிங்க."

அவரும் பைக்கில் வந்த இரண்டு பேரும் நானுமாகத் தள்ளினோம். ஏழுமலைக்குப் போன் செய்தேன். அவர் வேறு திருகு கொண்டுவந்து மாட்டி, சாயங்காலம் காரை வீட்டில் விடுவதாகச் சொன்னார். நாங்கள் அதே ஆட்டோவில் திரும்பினோம். இவர் மடியில் இருந்த கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மந்தைவெளி தாண்டியதும் சொன்னார்.

"ஏழுமலையை வரச் சொல்லு. மாத்திடலாம்."

நாலு வருஷமாக நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? ஆனால் அசதியில் கண்ணை மூடித் தூங்கலாம் போலத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஏழுமலை வந்தார். தீப்பெட்டியில் பாதி அளவு ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு காந்த வளையம், இரண்டு ஒயர். அவ்வளவுதான் எலெக்ட்ரானிக் இக்னிஷன். இவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. சாவியைத் திருப்பியதும் முதல் தடவையே கிளம்பியது. அந்தக் கார் அப்படிக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

ஏழுமலைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தேயறதுக்கும் ஒண்ணும் இல்ல, கருகறதுக்கும் ஒண்ணும் இல்ல. இனிமே இந்த மூடியத் தொறக்கவே வேணாம் சார்."

நல்ல செய்தியாகத்தான் சொன்னார், பாவம். இவர் தலையாட்டினார். கழற்றிய பாயிண்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அவரிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆறு மணிக்கு இவர் கீழே போனார். பழக்க தோஷம், நானும் டார்ச்சோடு பின்னால் போனேன். பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். மேலே வந்து பேப்பரைப் பிரித்தார். ஒன்பது மணிக்கும் அதே பக்கம்தான் விரிந்திருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "பழையபடி மாத்தச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? நன்னாத்தானே ஓடறது."

நல்லது என்று ஒன்றைச் செய்துவிட்டு, அது நன்றாக நடக்கும்போது மனசு இப்படி அடித்துக்கொள்ளுமா? மருந்து, பயிற்சி, டாக்டர் எல்லாவற்றுக்கும் கூடவே ஓடியிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி அலுத்துப்போனது இல்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குக் கிளம்பினோம். கார் பக்கத்தில் வந்ததும் இவர் சாவியை என்னிடம் நீட்டினார்.

"என்ன?" என்றேன்.

"இனிமே நடு ரோட்ல நிக்காது. அப்புறம் நான் எதுக்கு? நீயே ஓட்டு."

பால் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டுச் சுற்றிப் போய் இடது பக்கம் ஏறினார். அந்த ஸீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கண்ணாடியை இறக்கப் பார்த்தார், பாதியில் நின்றது. அந்த ஜன்னல் பாதிக்கு மேல் இறங்காது என்று எனக்கு முப்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இதை ஏன் சொல்லலை?" என்றார்.

"என்னவோ... சொல்லலை."

கிளம்பினேன். லஸ் திருப்பத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டு ஒரு தடவை ஆஃப் ஆக்கிவிட்டேன், சாவியைத் திருப்பியதும் கிளம்பிக்கொண்டது. பாலம் ஏறும்போது வண்டி இருமவில்லை. எல்.பி. ரோடு சிக்னல் ஒவ்வொன்றிலும், அந்தப் பக்கம் இல்லாத பிரேக்கை இவர் கால் மிதித்தது. திருவான்மியூரில் நிறுத்தியபோது, "கிளட்ச்சை இன்னும் மெதுவா விடணும்" என்றார். வேறு குறை சொல்லவில்லை. மற்ற நாட்களைவிட அரை மணி நேரம் அதிகமாகப் பயிற்சி செய்தார் என்று அங்கிருந்த பெண் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் இடது முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. அந்தக் காரின் கிளட்ச் அவ்வளவு கனம். தைலம் தேய்த்துக்கொண்டே யோசித்தேன்...

முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இவர் இந்த வலியைச் சொன்னதில்லை.