கன்னியம்மாள் எழுதி வைத்த வீடு

சீட்டை நீட்டினால் மட்டும் கன்னியம்மாள் செருப்பை எடுத்துத் தந்துவிட மாட்டாள். "காலைக் காட்டு" என்பாள். பெரிய கோபுர வாசலில், அவள் விரித்த சாக்குக்கு முன்னால், பெங்களூர்க் கனவான்களும் பட்டுப்புடவைக்காரிகளும் பவ்யமாக ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதை அந்த நாளில் தினமும் பார்க்கலாம். விரல் இடுக்கில் வார் பதிந்த தடமும், செருப்பில் குதிகால் தேய்ந்த தடமும் ஒத்துப்போனால்தான் சரக்கு கைமாறும். சீட்டு கீழே விழுந்தால் எவனாவது பொறுக்கிக்கொள்வான், காலை எவன் பொறுக்குவான் என்பது அவள் கட்சி.

அவள் சந்தேகப்படாத ஜீவன் திருவண்ணாமலையில் கிடையாது. பால்காரன் கறப்பதற்கு முன்னால் சொம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். அவனாகவே காட்டினால், 'கேக்காமலே காட்றான் பாரு' என்று முணுமுணுப்பாள். பஸ் எந்த ஊர் போகிறதென்று டிரைவரைக் கேட்பாள், கண்டக்டரைக் கேட்பாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரையும் கேட்பாள். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் போச்சு, மூன்று பேரும் கூட்டு!

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. புருஷன் போனபோது அவள் கையில் ஒன்றும் இல்லை. ஊரார் செருப்பைக் காத்து, பேகோபுரத் தெருவுக்குள் ஒரு சந்தில் ஓடு போட்ட இரண்டு அறையைத் தன் பேரிலேயே கட்டிக்கொண்டாள். பெற்ற பிள்ளை இல்லை. கூட இருப்பவள் ரேணுகாம்பாள். கோபுர வாசலில் பூக்கட்டி விற்ற ஒருத்தி செத்துப்போனபோது விட்டுப்போன குழந்தை அவள். கன்னியம்மாள் தூக்கி வந்து வளர்த்து, பத்தாவது வரை படிக்கவும் வைத்தாள். ஆனால் எந்தக் காகிதத்திலும் அந்தப் பெண் அவளுக்கு மகள் இல்லை.

எண்பதுகளின் நடுவில் வக்கீல் அருணகிரி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் திருவூடல் தெருவில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, வீடு வாசல் வைத்திருக்கிற ஏழைபாழைகளுக்கு இலவசமாக உயில் எழுதித் தர ஆரம்பித்தார். கன்னியம்மாளுக்கு அவர் விஷயத்தை உடைத்தே சொன்னார். எழுதி வைக்காமல் கண்ணை மூடினால் வீடு புருஷன் வழியில் கொழுந்தன் மகன் ஆதிமூலத்துக்குப் போகும், ரேணுகா தெருவில் நிற்பாள். அதற்காக நம்பிவிடுவாளா?

"காசு வாங்குறவன்னா எத்தினி வாங்குவான்னு தெரியும். வாங்காதவன் எதை எடுத்துனு போவான்னு எப்படித் தெரியும்?" என்று அவரிடமே கேட்டாள்.

உயிலுக்கு வெள்ளைத்தாளே போதும் என்று அவர் சொன்னது இன்னும் வினையாகிவிட்டது. வெள்ளைத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை விட்டவர் கதை இந்த ஜில்லாவில் ஊருக்கு ஒன்று உண்டு. சரி, உங்கள் திருப்திக்குப் பத்திரத்தாளிலேயே எழுதுகிறேன் என்றார் வக்கீல். உள்ளூரில் விற்பவன் இவருக்கு வேண்டியவனாக இருந்துவிட்டால்? செங்கத்துக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள், மகராசி.

அதோடு விட்டாளா? 'என்னை அன்புடன் பராமரித்து வரும்' என்று எல்லா உயிலிலும் வழக்கமாக எழுதுகிற வரியை வக்கீல் படித்துக் காட்டியதுமே கையை நீட்டித் தடுத்தாள். "அன்பா இருக்கறாளா இல்லியா, அது அவ வயித்துக்குள்ள கீது. நான் பாத்தேனா? செஞ்சதை எழுதுங்க." வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு செய்ததை எழுதினார். விஷக் காய்ச்சலில் கிடந்தபோது ரேணுகா மலம் அள்ளியது, பாயை அலசிப் போட்டது, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம் உயிலில் ஏறின. சாட்சிக் கையெழுத்துப் போட்ட வாத்தியார்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பிறகு அந்த உயிலை முன்பின் தெரியாதவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்தாள். ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்த ஒரு மதுரைக்காரர்கூடப் படித்திருக்கிறார். ரேணுகா கண்ணில் மட்டும் காட்டவில்லை. ஏன் என்று வக்கீல் கேட்டதற்கு, "தெரிஞ்சிட்டா, அப்பறம் அவ ஊத்தற கஞ்சி எனக்கா, ஊட்டுக்கா?" என்றாள். பாவம், அந்த ஒரு பயம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அதைச் சரியாக மோப்பம் பிடித்தவன் ஆதிமூலம். அடி அண்ணாமலையில் சைக்கிள் கடை வைத்திருப்பவன், வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவன், ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உன் பெண் வீட்டை வாடகைக்கு விட இப்போதே ஆள் பார்க்கிறாளாமே பெரியம்மா என்று காதில் போட்டான். அவ்வளவுதான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரேணுகாவைக் கேட்கவும் இல்லை. கேட்டால் இல்லை என்றுதானே சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை ரேணுகாவைச் செருப்புக்குக் காவல் வைத்துவிட்டு ஆதிமூலத்தோடு வக்கீலிடம் போனாள். பத்திரத்தாளை அவனே வாங்கி வந்திருந்தான். உயிலை மாற்ற வேண்டும், இவன் பேருக்கு எழுத வேண்டும் என்றாள். வக்கீல் முகம் சுண்டிப் போயிற்று. அவனை வெளியே இருக்கச் சொன்னார். அவன் வெளியே போனால் நீங்கள் எதை எழுதுவீர்களோ, என் கண் முன்னாலேயே இருக்கட்டும் என்றாள் கன்னியம்மாள். உயிரோடு இருக்கிறவரை யார் பேருக்கும் மாற்றி எழுத அவளுக்கு உரிமை உண்டு, தடுக்க அவர் யார்? எழுதிக்கொண்டே போனவர், நடுவில் பேனாவை நிறுத்தினார்.

"இவரு உங்களுக்கு இன்னா செஞ்சாரும்மா? சொல்லுங்க, எழுதணும்."

பாசமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று போடுங்கள் சார் என்று முந்திக்கொண்டான் ஆதிமூலம். அந்த மாதிரி வரி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, செய்ததைத்தான் எழுத வேண்டும் என்றார் வக்கீல்.

கன்னியம்மாள் யோசித்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வராந்தாவில் காத்திருந்தவர்களெல்லாம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"ஒரு பொடவை எடுத்தாந்தான்" என்றாள் கடைசியில்.

"எப்போ?"

"முந்தாநேத்து."

வக்கீல் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் அதையும் எழுதி முடித்தார். பிறகு நிறுத்தி நிதானமாக வாசித்தார். "முந்தாநாள் எனக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்த காரணத்தால், நான் உழைத்துக் கட்டிய வீட்டை, என் காலத்துக்குப் பிறகு, ஆதிமூலம் சகல உரிமையுடன் அனுபவிக்க வேண்டியது."

ஆதிமூலம் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினான்.

கன்னியம்மாள் இடது கைப் பெருவிரலை மற்ற நாலு விரல்களுக்குள் வைத்து இறுக மூடி, அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.