பின்னாலிருந்து யாரும் அடிக்கவில்லை

போன வாரம் ஒரு வாசகி போன் செய்தார். "ஏனுங்க, கொஞ்ச நாளா உங்க எழுத்துல ஒரு சிடுசிடுப்பு தெரியுதுங்களே... ஊட்டுல எல்லாம் நல்லா இருக்காங்களா?"

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். என் வலது கால்தான் சரியில்லை. நடந்துகொண்டே யோசிக்கிற ஆள் நான். ஐந்து மாதமாக உட்கார்ந்து யோசிக்கிறேன். சிடுசிடுப்பு வராமல் என்ன செய்யும்?

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு உள்ளரங்கத்தில் தினமும் காலையில் ஷட்டில் ஆடுவேன். எனக்கு ஜோடி, மனைவி சுமதியின் அண்ணன் பழனிசாமி. இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு.

கால் போவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே குதிகாலுக்கு மேலே, அந்தத் தடித்த தசைநாரில் வலி இருந்தது. கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் பத்து எட்டு நொண்டுவேன். அப்புறம் சரியாகிவிடும். ஸ்ப்ரே அடிப்பேன், மாத்திரை போடுவேன், ஆடப் போய்விடுவேன்.

"மூணு வாரம் ஆடாம இருந்தாத்தான் என்னவாமா?" என்றாள் சுமதி.

சும்மா இருப்பதா... நானா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலைக்கு அருகே விழுந்த ஷட்டிலை எடுக்கப் பாய்ந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். குதிகாலுக்கு மேல் யாரோ ஓங்கி அடித்த மாதிரி இருந்தது. சுருண்டு விழுந்து திரும்பிப் பார்த்தால், ராக்கெட்டோடு நிற்கிறார் பழனிசாமி மச்சான்.

"பாத்து வீசத் தெரியாதுங்களா? காலை ஒடச்சுப்போட்டீங்களே!"

"நான் தொடவே இல்லீங்க மாப்ளே..."

"பொய் சொல்லாதீங்க!"

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ராக்கெட்டைக் கீழே வைத்தார். என்னைக் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். சுமதி வரும்வரை வெளியே நின்றார். அவள் வந்ததும் போய்விட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. சுளுக்கு என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நொண்டி நொண்டி நடக்க முடிந்தது, விரல்களை ஆட்ட முடிந்தது. தசைநார் அறுந்தவனால் நடக்க முடியுமா? முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பத்தாம் நாள், பெருந்துறையில் ஒரு கிரகப்பிரவேசம். வீட்டில் அடைந்து கிடந்தது போதும் என்று, சுமதியை ஏற்றிக்கொண்டு காரை நானே எடுத்தேன். அவிநாசி தாண்டியதும் முன்னால் போன லாரி வேகம் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். பாதம் பெடல் மேல் இருக்கிறது, அழுத்தம்தான் இல்லை! கைபிரேக்கை இழுத்தேன். லாரியின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

"பிரேக் புடிக்கலீங்களா?" என்றாள் சுமதி.

"பிரேக் நல்லாத்தான் இருக்குது. காலுதான் அமுக்க மாட்டேங்குது."

காரை எப்படியோ ஓரங்கட்டினேன். அவள் இறங்கி என் பக்கம் வந்து கதவைத் திறந்தாள். "எறங்குங்க." அவ்வளவுதான் சொன்னாள். ஸ்டியரிங்கைப் பிடித்தவள், கிரகப்பிரவேசத்துக்குப் போகவில்லை. கோயமுத்தூருக்கே திருப்பினாள், நேராக ஒரு எலும்பு மருத்துவரிடம்.

அந்த டாக்டரம்மா என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். இடது கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். பாதம் தானாக அசைந்தது. வலது காலை அமுக்கினார். பாதம் அப்படியே கிடந்தது, யாருடையதோ மாதிரி.

"பின்னாடி இருந்து யாரோ அடிச்ச மாதிரி இருந்துதுங்களா?"

சுமதி என்னையே பார்த்தாள்.

"தசைநார் அறுந்து வர்றவங்க நிறையப் பேரு அப்படித்தானுங்க சொல்லுவாங்க. யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க."

ஸ்கேனும் அதையே சொன்னது. முழுசாக அறுந்து, இரண்டு முனையும் விலகி நிற்கிறது. பத்து நாள் வேறு ஓடிவிட்டது, ஆபரேஷன் செய்வதே நல்லது என்றார். வலி ஆரம்பித்தபோதே ஆட்டத்தை நிறுத்தி, குதிகாலுக்கு அடியில் ஒரு பஞ்சுத் திண்டு வைத்து, மெதுவாகப் பயிற்சி செய்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதாம். வீக்கத்தோடு ஓட ஓட நார் நைந்துபோய்விட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மச்சானுக்கு மெசேஜ் அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். சுமதி போனை வாங்கி, நம்பரைப் போட்டு, என் காதில் வைத்தாள்.

"மச்சான்... நீங்க அடிக்கலீங்க. தானா அறுந்துருக்குது. தப்பு என் மேலதானுங்க."

"அன்னைக்கிலிருந்து நான் ராக்கெட்டையே தொடலீங்க மாப்ளே. நெசமாவே பட்டுருச்சோன்னு எனக்கே சந்தேகமாப் போச்சுங்க."

நினைத்துப் பாருங்கள். செய்யாத ஒன்றைச் செய்துவிட்டோமோ என்று ஒரு நல்ல மனிதரைப் பத்து நாள் தவிக்க விட்டிருக்கிறேன். வலி வந்ததும் நமக்கு முதலில் தேவைப்படுவது மருந்து இல்லை, பழி போட ஒரு ஆள்!

அப்புறம் விரல் நுனி கீழே பார்க்கிற மாதிரி கட்டு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ், ஊன்றுகோல். எதிர்ச் சுவரில் எத்தனை விரிசல் என்று என்னைக் கேளுங்கள். மூன்றாம் மாதமே ஆடப் போகட்டுமா என்று கேட்டேன். "நாரு உங்க அவசரத்துக்கு ஒட்டாதுங்க" என்றார் டாக்டரம்மா.

இப்போது சாயங்காலமானால் மச்சான் வந்துவிடுகிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று, குதிகாலைத் தூக்க வேண்டும். பல நாளாக அது அசையவே இல்லை. நான் எரிந்து விழுவேன். "நாளைக்கு எந்திரிக்குமுங்க மாப்ளே" என்பார் அவர்.

நேற்று எழுந்தது. தரையிலிருந்து ஒரு விரல்கடை உயரம். பெருமையாக அவர் பக்கம் திரும்பினேன்.

என் கையை அவர் எப்போதோ விட்டிருந்தார்.