பதினாலாவது நிமிடத்து இருமல்

சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: 1987ஆம் ஆண்டு ஜூன் ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் சரியாக மூன்று மணிக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி அறையில், 'அகில தென்னிந்திய முற்போக்கு ராக் இசை ரசிகர் மன்றம்' உதயமானது. தலைவர் ஒருவர். செயலாளர் ஒருவர். பொருளாளர் ஒருவர். உறுப்பினர் என்று எவரும் இல்லை.

சிரிக்கலாம். ஆனால் இனி சொல்லப்போவது நடந்தது. பேய் என்று யார் வாயெடுத்தாலும் கேலி செய்தே தலை நரைத்தவன் நான். என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பரவாயில்லை.

தலைவர் ஜெய்னுலாப்தீன். மாடி அறை அவன் வீட்டுடையது. மன்றத்தின் மொத்தச் சொத்தும் அவனுடையது: ஒரு ரெக்கார்டு பிளேயர், துபாயிலிருந்து அவன் மச்சான் கொண்டுவந்த ஒரே ஒரு எல்.பி. இசைத்தட்டு. எழுபதுகளின் இங்கிலாந்துக் குழு ஒன்றினுடையது. இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிடம். அதில் பாட ஆரம்பிக்கவே ஒன்பது நிமிடம் ஆகும்.

பொருளாளர் சோலைராஜ், ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. செயலாளர் நான். ஞாயிறுதோறும் நானும் சோலைராஜும் பஸ் ஏறிப் போவோம். ஜெய்னு மூன்று நாற்காலி போட்டிருப்பான். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவான். நாங்கள் வேர்த்து ஒழுக, வெள்ளைக்காரன் புல்லாங்குழல் வாசிப்பான்.

பதினாலாவது நிமிடத்தில் ஒரு கீறல். அங்கே ஊசி மாட்டிக்கொள்ளும். ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஓடும். ஜெய்னு எழுந்து, லேசாக இருமி, விரல் நுனியால் ஊசியைத் தள்ளிவிடுவான். 'டக்'. பாட்டு தொடரும். வேறு யாரும் ஊசியைத் தொடக் கூடாது. அது தலைவர் அதிகாரம். இன்னொரு வழக்கமும் உண்டு. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவான். முடிந்ததும் கூட்டுவான்.

சோலைராஜுக்காக ஒரு கேசட் பதிவு செய்தோம். ஸ்பீக்கருக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து. இருமலும் 'டக்'கும் சேர்ந்தே பதிவாகிவிட்டன. அவன் அதை மில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டிப் பெருமையடித்தான்.

"பதினாலாவது நிமிசத்துல ஒரு இருமல் வரும் பாரு... அதாம்ல பாட்டோட உயிரே!"

முதலாம் ஆண்டு விழாவுக்கு ஜெய்னு அந்த இசையைப் பற்றி முப்பத்து நான்கு பக்கக் கட்டுரை எழுதியிருந்தான். சமோசா உண்டு என்று சொல்லி அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேரைக் கூட்டினோம். ஜெய்னுவுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"ஏலே சுப்பு, நீ வாசில. ஒனக்குத்தான் கொரலு நல்லாருக்கு."

வாசித்தேன். கட்சிக் கூட்டத்துப் பேச்சாளர் மாதிரி, கையை ஆட்டி ஆட்டி, நீட்டி முழக்கி வாசித்தேன். 'இந்த இசையைக் கேட்பவன் தனியாக இல்லை' என்று ஒரு வரி. "ஆமா, மூணு பேரு இருக்கோம்!" என்றேன். கூட்டம் புரண்டு புரண்டு சிரித்தது. ஜெய்னுவும் சிரித்தான். பக்கங்களை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பை சின்னது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும். மன்னிப்புக் கேட்க வேண்டுமே என்று வெட்கம். ஐந்து மாதம் இப்படியே ஓடியது. நவம்பரில் அவனுக்கு மஞ்சள் காமாலை. பத்தே நாள். எனக்குச் செய்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

நாற்பது நாள் கழித்துத்தான் போனேன். அவன் தங்கை மாஜிதா பிளேயரையும் எல்.பி.யையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"கொண்டு போங்கண்ணே. இங்க யாரு கேக்கப் போறா?"

"எம்மேல கோவமா இருந்தானாம்மா?"

அவள் யோசித்தாள்.

"தெரியலண்ணே. ஞாயித்துக்கெழமைன்னா மட்டும் மூணு நாக்காலியும் போட்டு வச்சிருப்பான்."

1989 ஜனவரி 22. ஞாயிறு. வீட்டில் எல்லாரும் சோழபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நல்ல வெயில். மின்விசிறியை நிறுத்தினேன். மணி 3.38. ஊசியை வைத்தேன்.

அவனிடம் கேட்க முடியாததை அவன் ரெக்கார்டிடமாவது கேட்கலாம் என்று ஒரு நினைப்பு. வேறொருவன் இப்படிச் செய்திருந்தால் நாள் முழுக்கக் கிண்டலடித்திருப்பேன்.

3.52. கீறல் வந்தது.

டூ... டிட்டிட்... டூ...

டூ... டிட்டிட்... டூ...

எழுந்து போய்த் தள்ளிவிட வேண்டியதுதான். கை நீண்டது. தொட முடியவில்லை. நான் தொடக் கூடாது அல்லவா... நாற்காலியில் உட்கார்ந்தேன். அது ஓடிக்கொண்டே இருந்தது.

3.57. தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது.

புல்லாங்குழல் சத்தம் குறைந்தது.

காது அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன். இல்லை. பாங்கு தெளிவாகக் கேட்டது. தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் குறைந்து... குறைந்து... இல்லாமலே போனது.

பிளேயரைப் பார்த்தேன்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பூஜ்யத்தில் இருந்தது. நான் ஆறில் வைத்திருந்தேன்.

பாங்கு முடிந்தது.

குமிழ் திரும்பியது. மெதுவாக. என் கண் முன்னால்.

டூ... டிட்டிட்... டூ...

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

"ஜெய்னு... தப்புதாம்ல. நான் செஞ்சது தப்புதான்."



டூ... டிட்டிட்... டூ...

"ஏலே... ஏதாவது சொல்லுல."

என் இடது தோளுக்குப் பின்னால்...

லேசாக...

ஒரு இருமல்.

டக்.

பாட்டு தொடர்ந்தது. மிச்ச ஒன்பது நிமிடமும் ஓடியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை 7.20. நைட் ஷிப்ட் முடித்து சோலைராஜ் நேரே என் வீட்டுக்கு வந்தான். நான் இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அவன் கையில் அந்த கேசட்.

"ஏலே சுப்பு, கேசட்டு கெட்டுப்போச்சுல."

"எப்படி?"

"நேத்து மத்தியானம் முழுசாப் போட்டேன், நல்லாத்தான் ஓடிச்சு. ராத்திரி மில்லுல போட்டா மாட்டிக்கிடுது."

"கேசட்டு எப்படில மாட்டும்? நாடா சுத்துதா?"

"சுத்துதுல. நீயே கேளேன்."

போட்டோம். பதினாலாவது நிமிடம் வந்தது.

டூ... டிட்டிட்... டூ...

இருமல் வரவில்லை. 'டக்' வரவில்லை. அந்தத் துணுக்கு மட்டும் நாடா தீரும் வரை, பதினைந்து நிமிடத்துக்கும் மேல், ஓடிக்கொண்டே இருந்தது. பதிவு செய்த அன்று முழுப் பாட்டும் பதிவானதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

சோலைராஜ் நாடாவை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பார்த்தான். வெட்டு இல்லை. ஒட்டு இல்லை.

"அவன் இருமலு எங்கல போச்சு?" என்றான்.

முந்தின நாள் அது எங்கே கேட்டது என்று நான் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் விளக்கம் என்னிடம் கிடையாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவின் பாட்டு எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை.