எஸ்தர் அக்கா நிறுத்திப் படித்த வசனங்கள்

எஸ்தர் அக்கா போய்விட்டார். இன்று காலை, திகாம் பத்து ஊரில், அவர் வீட்டிலேயே. மகள் கிருபாதான் போன் செய்தாள்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு ரப்பர் கிளவ் பெக்டரியில் நாங்கள் ஒரே லைனில் வேலை செய்தோம். பெக்டரி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட். ஏறி உட்கார்ந்ததும் பைபிளைத் திறந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "அப்படி என்னக்கா இருக்கு அதுல?"

"எனக்கே முழுசாப் புரியல லா. அதான் தினமும் படிக்கிறேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போனது. புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு பைபிள் ஸ்டடிக்குப் போக ஆரம்பித்தேன். நாலைந்து பெண்கள், தேத்தண்ணி, பிஸ்கட். நம்பிக்கை எனக்கு மெதுவாகத்தான் வந்தது... சில வாரம் வரவே இல்லை. அக்கா அவசரப்படுத்தியதே கிடையாது.

பிறகு அக்காவுக்கு ஸ்ட்ரோக்.

பேச்சு போய்விட்டது. தண்ணீர் கேட்க வராது. கிருபா என்று கூப்பிட வராது. வாயைத் திறப்பார், காற்றுதான் வரும்.

ஆனாலும் ஸ்டடியை நிறுத்த வேண்டாம் என்றாள் கிருபா. ஒரு புதன்கிழமை அவள் பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தின் முதல் வரியை வாசித்தாள். அவ்வளவுதான்... அக்கா பிடித்துக்கொண்டார். தெளிவாக, மனப்பாடமாக, பழைய அதே குரலில்.

ஒரு வசனம் சொன்னார். நிறுத்தினார். ஜன்னலோரம் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு தொடர்ந்தார். ஆனால் நடுவில் ஒரு வசனத்தை விட்டுவிட்டு, அதற்கடுத்த வசனத்தை.

கடைசி வரைக்கும் அப்படியே.

கிருபாதான் மெல்லச் சொன்னாள். "அம்மாவும் அப்பாவும் காலையில இப்படித்தான் மாத்தி மாத்திப் படிப்பாங்க. அம்மா விடுறது அப்பாவோட வசனம்."

அவள் அப்பா லோரி ஓட்டியவர். எனக்கு அக்கா பழக்கமாவதற்கு முன்பே இறந்துவிட்டார். நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். ஒருமுறை, பாவமாக இருக்கிறதே என்று அந்த இடைவெளியில் நான் வாசித்தேன். அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினார். உதட்டில் விரலை வைத்தார்.

"கேளு."

தண்ணீர் கேட்க முடியாத வாயிலிருந்து அந்த ஒரு சொல். நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் உள்ளே வரமாட்டார். "உன் இஷ்டம் லா, என்னை இழுக்காத" என்று காரிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கார் ரொம்ப சூடு என்று வாசலில் வந்து நின்றிருக்கிறார்.

திரும்பும்போது கேட்டார். "உள்ள ஒரு அங்கிள் படிச்சாரே, யாரு? நல்ல குரல். பாவம், இருமிக்கிட்டே படிக்கிறாரு."

"ஆம்பளைங்க யாரும் வரலையே..."

அவர் சிரிக்கவில்லை. ரேடியோவை அணைத்தார்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் மேசையில் வந்து உட்கார்ந்தார். "நீ படிக்கிறதச் சத்தமாப் படி."

படித்தேன். கொஞ்ச நாளில் புத்தகத்தை என் பக்கமிருந்து இழுத்து, அடுத்த வசனத்தை அவரே படித்தார். இப்போது தினமும் காலையில் எங்கள் வீட்டில் மாற்றி மாற்றித்தான் வாசிப்பு. ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

இதை எழுதலாமா என்று சற்றுமுன் கிருபாவிடம் கேட்டேன். அந்தக் குரலைப் பற்றி அவளிடம் சொன்னதே இன்றைக்குத்தான்.

"எழுதுங்கக்கா," என்றாள். "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் இருமல் நிக்கல."

நாளை மத்தியானம் அடக்கம். என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டார். வெள்ளைச் சட்டையை அவரே அயர்ன் பண்ணிக்கொண்டிருக்கிறார்... நாளைக்கு உள்ளே வருவாராம்.

வரோம் அக்கா.