வடக்குச் சுவரில் மாட்டிய படம்

தோல் வியாபாரத்துக்காகப் பம்பாய் போன எங்கள் அத்தா, திரும்பும்போது ஒரு அச்சுப்படம் வாங்கி வந்தார். அறுபதுகளின் தொடக்கம் அது. நீலத்திலும் பச்சையிலும் எட்டு முனை நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓரம் வரை போகும். உருவம் கிடையாது, எழுத்தும் கிடையாது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய அன்று எது மேல், எது கீழ் என்று அம்மாவுக்கும் அத்தாவுக்கும் சண்டையே வந்தது. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இப்படிப் படம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மேற்குச் சுவரில்தான் மாட்டுவார்கள். தொழுகைக்கு நிற்கும் கிப்லா திசை அது. வெளியூர்க்காரர்கள்கூட யாரையும் கேட்காமல் படத்தைப் பார்த்துப் பாயை விரித்துவிடுவார்கள்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. அடுத்ததாக ஆத்தூர்ப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. முதலில் பையனின் அத்தா மட்டும் வந்து வீட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர் பெரிய கோபக்காரர். ஒரு வீட்டில் யாரோ குறுக்கே பேசியதற்காகச் சாப்பாட்டிலிருந்து எழுந்து போனவராம். இதைக் கேட்டதும் அம்மா கூடத்துக்கு வெள்ளையடிக்க வைத்தாள். மேற்குச் சுவரில் ஈரம் காயவில்லை. படம் பாழாகிவிடும் என்று அதை வடக்குச் சுவரில் மாட்டினாள்.

அவர் வந்த அன்று விடாத மழை. பள்ளிவாசலுக்குப் போக வழியில்லை, இங்கேயே சாயங்காலத்து அசர் தொழுதுகொள்கிறேன் என்றார். அத்தா பாயைக் கொடுத்துவிட்டு, கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் பின்கட்டுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால், அந்த மனிதர் படத்தைப் பார்த்துத் தக்பீர் கட்டி, தொழுகையில் நின்றுகொண்டிருந்தார். வடக்கு முகமாக!

அத்தா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். திரைக்குப் பின்னால் நானும் அம்மாவும் இருந்தோம்.

"போய்ச் சொல்லுங்களேன்" என்றாள் அம்மா, மூச்சுவிடும் சத்தத்தில்.

"சும்மா இரு. அல்லா மன்னிப்பான், இவரு மன்னிக்க மாட்டாரு."

அவர் குனிந்தார், நிமிர்ந்தார். இந்த இடமும் போனால் அத்தா உடைந்துபோவார் என்று எனக்குத் தெரியும். அதே சமயம் ஆத்திரமும் பொங்கியது. வீடு தேடி வந்தவரின் தொழுகை பாழாகிறது, நாங்கள் வேடிக்கை பார்க்கிறோம். அந்தப் படத்தின் மேல்கூட எரிச்சல் வந்தது. அத்தனை நட்சத்திரங்கள் இருந்து என்ன, ஒன்றுக்காவது திசை தெரிந்ததா?

எனக்கு எப்போதுமே வாய் நிற்காது.

"மாமா, கிப்லா அந்தப் பக்கம் இல்ல. உங்க இடது கைப் பக்கம்."

அம்மா என் வாயைப் பொத்தினாள். பெண்ணின் குரல் வெளியே கேட்கவே கூடாத வேளை அது. அத்தா கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கைகளைத் தளர்த்தினார். பாயை மேற்கே திருப்பிப் போட்டு முதலிலிருந்து தொழுதார். முடிகிற வரைக்கும் அம்மாவின் கை என் வாயை விட்டு எடுபடவில்லை.

சலாம் கொடுத்து எழுந்தவர் அத்தாவைப் பார்த்தார்.

"நான் நின்ன தெசை தப்புன்னு ஒங்களுக்குத் தெரியுமா பாய்?"

"தெரியும்."

"பாத்துக்கிட்டேதான் நின்னீகளா?"

அத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

"பேசுனது பொண்ணுதானே? எங்க வீட்டுக்கு வரட்டும். ஒங்களுக்கு இல்லாத தைரியம் அதுக்கு இருக்கு."

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. திரையின் இடுக்கு வழியாக அத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிச் சொல்லித் தலையாட்டிக்கொண்டிருந்தார், வந்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே. எனக்காகத்தான் அத்தா வாயை மூடிக்கொண்டு நின்றார் என்பதைச் சொல்ல, அப்போது எனக்கு வாய் வரவில்லை.